பணி விளக்கு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து அடுப்பைத் துடைப்பேன். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டு தடவை எழுந்திருக்கிறேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் கணவர் எல்லாப் படத்திலும் பளிச்சென்று இருக்கிறார். நான் பாதிப் படங்களில் கலங்கலாக இருக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது.

அவர் எனக்கு நேர் எதிர். மருந்துக்கடையில் மருந்தாளர். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளுவதைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓர் எழுத்தில் சந்தேகம் வந்தால் போதும், வரிசையில் நிற்பவர்கள் எத்தனை முணுமுணுத்தாலும் போனைப் போட்டு, எழுதின டாக்டரிடமே கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் கையை நீட்டுவார். எழுதினதைத்தான் படிக்கணும், நெனச்சதைப் படிக்கக் கூடாது என்பார். கார் ஓட்டினால் திருப்பத்துக்கு இருநூறு அடி முன்னாலேயே சிக்னல் போட்டுவிடுவார். தெருவில் ஈ காக்காய் இல்லாத நேரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்குள் திரும்புவதற்கும் சிக்னல். என் தம்பி அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தான். அதுவே நிலைத்துவிட்டது.

நான் கால்நடை மருத்துவர். சுற்றிலும் மலைச்சரிவுப் பண்ணைகள், மண் பாதைகள், ஓடைகள். எந்த மாடும் என் வசதியைக் கேட்டுக்கொண்டு கன்று போடுவதில்லை. அதனால் வீட்டில் தங்காமல் இருக்க எனக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் இருந்தது.

அந்தக் கடிதத்தை நான் தேடிப் போய் எடுக்கவில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இருந்தது. தலைநகரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை மருந்தாளர் வேலை. மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் பதினைந்தாம் தேதி மாலைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கூடவே ஒரு படிவம். பெயர், வயது, படிப்பு எல்லாவற்றையும் முத்து முத்தான எழுத்தில் பேனாவால் நிரப்பியிருந்தார். 'குடியிருப்பில் உடன் தங்குவோர்' என்ற கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், அவள் எங்கேயும் வரப்போவதில்லை. மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. ஆக, இருபத்திரண்டு வருஷம் கழித்து என்னைக் கேள்விக்குறி ஆக்கியிருக்கிறார். மனுஷன் விட்டுவிட்டுப் போகத் தீர்மானித்துவிட்டார், அதைச் சொல்லத்தான் நேரம் பார்க்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து, மறுநாள் போட வைத்திருந்த சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, ஏற்கெனவே துவைத்துக் காய்ந்திருந்த துணியை எல்லாம் எடுத்து மறுபடி துவைத்தேன்.

அன்று சாயங்காலமே அவர் ஆரம்பித்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வந்து பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கே கிளம்பினேன் என்று எனக்கே தெரியாது. ஊரைச் சுற்றிவிட்டு வந்தபோது அவர் சாப்பிட்டு முடித்து, என் தட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருந்தார். அவர் சொல்லாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. படித்த பொம்பளை செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான்.

ராணுவ வண்டி வாங்கும் பைத்தியம் அப்போதுதான் பிடித்தது. ஊருக்குச் சொன்ன காரணம் நியாயமானது. முந்தின மழையில் ஓடை தாண்ட முடியாமல் என் பழைய கார் நின்றுவிட்டது. அக்கரையில் ஒரு மாடும் வயிற்றுக் கன்றும் என் கண் முன்னாலேயே செத்துப்போயின. அந்தப் பண்ணைக்காரம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆனால் உண்மைக் காரணம் வேறு. எந்தப் பாதையிலும் எந்த மழையிலும் போகிற வண்டி ஒன்று இருந்தால், வீட்டில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம் எனக்கு வரவே வராது.

கழித்துப்போட்ட வண்டிகளை ராணுவக் கிடங்கில் ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் மெக்கானிக் ஸ்பானர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஸ்பானர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு வந்தால்கூடச் சட்டைப் பையில் ஒன்று எட்டிப் பார்க்கும். நிதானமும் லீவு போட்டுவிட்டு வந்தார். வழியில் பேச்சை ஆரம்பிப்பார் என்று பயந்து ஸ்பானர் அண்ணனை முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

நாற்பது வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. கண்ணாடியில் சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள். எனக்குப் பார்த்தவுடன் பதினேழாம் எண்ணைப் பிடித்துவிட்டது. புதுப் பச்சைப் பெயின்ட், கிழியாத தார்ப்பாய், நிமிர்ந்த பம்பர். பணம் கட்ட இப்போதே ஓடுகிறேன் என்று நின்றேன். ஸ்பானர் அண்ணன் மசியவில்லை. புதுப் பெயின்ட் அடித்த வண்டி எதையோ மறைக்கிறது என்றார். அடியில் ஊர்ந்து போய்ச் சட்டத்தை ஸ்பானரால் தட்டித் தட்டிப் பார்த்தார். எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்தார். முன் சக்கரத்துக்கும் விசை போகிறதா என்று சின்னக் கியர்த் தடியைப் போட்டு எடுத்தார். எனக்கோ நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை.

அதற்குள் நிதானம் வண்டிப் பக்கமே போகாமல், கிடங்கு எழுத்தரிடம் காகிதங்களை வாங்கி நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து வந்து, பதினேழின் சட்டத்தில் வெட்டியிருக்கிற எண்ணும் காகிதத்தில் இருக்கிற எண்ணும் ஒன்றில்லை, ஏழுக்குப் பதில் ஒன்று இருக்கிறது என்றார். இதை வாங்கினால் எந்தக் காலத்திலும் உன் பேருக்குப் பதிய முடியாது என்றார். எழுத்தர் தலையைச் சொறிந்தார். எனக்கு நிதானத்தின் மேல் கோபம் வந்தது. தப்பைக் கண்டுபிடித்தவர் மேல் ஏன் கோபம் வர வேண்டும் என்று கேட்காதீர்கள், வந்தது.

கடைசியில் இருபத்துமூன்றாம் எண். கதவில் கீறல், சீட்டில் தையல், ஒரு பக்கம் சொட்டை. ஆனால் சட்டம் கல்லு மாதிரி என்று ஸ்பானர் அண்ணன் சத்தியம் செய்தார். காகிதமும் சரியாக இருக்கிறது என்று நிதானம் சொன்னார். வண்டியில் எந்தத் திருகு, எந்த விளக்கு எதற்கு என்று விவரிக்கும் நான்கு பக்கப் பட்டியலை எழுத்தர் கொடுத்தார். நான் அதை மடித்து முன் பெட்டிக்குள் திணித்துவிட்டு, ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. ஒரு பொத்தானை அமுக்கினால் ஓடும், ஒரு குமிழை வெளியே இழுத்தால் நிற்கும். போர்க்களத்தில் சாவியைத் தேடிக்கொண்டா இருப்பார்கள் என்று ஸ்பானர் அண்ணன் கேட்டார். பேட்டரி இருபத்துநாலு வோல்ட். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கம்பி போட்டுக் கிளப்ப முடியாது. டீசல் தொட்டி இரண்டு. ஒன்று தீர்ந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் திருகை மாற்ற வேண்டும். முதல் வாரமே அதை மறந்து, ஒரு தொட்டி நிறைய டீசலை வைத்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றேன். நிதானம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து, குனிந்து திருகை மாற்றிவிட்டுத் திரும்பிப் போனார். போவதற்கு முன் வாயைத் திறந்தார்தான். நான் பொத்தானை அமுக்கிவிட்டேன். அந்த எஞ்சின் சத்தத்தில் கடவுளே வந்து பேசினாலும் காதில் விழாது.

அவர் வண்டிக்குப் 'பட்டாளத்தான்' என்று பெயர் வைத்தார். மகள் போனில் சிரித்தாள். அப்பாவுக்கு ஒரு சக்களத்தன் வந்துவிட்டான் என்றாள். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, பட்டாளத்தானின் சக்கர நட்டுகளை இறுக்கப் போனேன்.

இரண்டு தப்பு செய்தேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உட்கார முடியாமல், வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பின் அச்சின் நடுவில், பானை அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அதில் மட்டும் யாரோ வட்டமாக வெள்ளை அடித்திருந்தார்கள். அதற்கு மேலே நகம் அளவுக்கு ஒரு சின்ன விளக்கு. தேநீரோடு வந்த நிதானம் குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்கா வட்டம் போட்டிருக்காங்களே, ஏதோ காரணம் இருக்கும், விட்டுடேன் என்றார். மிச்சப் பெயின்ட்டைக் கொட்டியிருப்பான் எவனோ என்று சொல்லி, அவர் பார்க்கப் பார்க்கவே கறுப்பை இழுத்துவிட்டேன்.

இன்னொன்று அந்த விளக்குத் திருகு. முன்பலகையில் ஐந்து நிலைகளில் நிற்கும் ஒரு திருகு இருந்தது. ஒவ்வொன்றும் என்ன என்று எழுதிய எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. ஸ்பானர் அண்ணன் கிடங்குப் பட்டியலைப் பார்த்து, வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தார். ஸ்பானர் அண்ணனின் கை தங்கம். எழுத்து மட்டும் சகிக்காது. 'பிறேக்கு சறி செய்தது', 'கம்பி அருந்தது' என்றெல்லாம் பில் எழுதுவார். கம்பி என்னத்தை அருந்தியது, காப்பியா என்று நான் சிவப்புப் பேனாவால் திருத்தி அவரிடமே திருப்பிக் கொடுப்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். இந்தத் தடவை நான்காவது நிலையில் 'பணி விளக்கு' என்று எழுதியிருந்தார்.

மலைப்பாதையில் ஓடுகிற வண்டிக்கு மூடுபனி விளக்கு இல்லாமல் இருக்குமா? பனிக்குப் போய் மூன்று சுழி போட்டிருக்கிறார் மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டு, பிளேடால் ஒரு சுழியைச் சுரண்டி எடுத்தேன். இப்போது பனி விளக்கு.

பக்கத்தில் நின்றிருந்த நிதானத்துக்கு அது பொறுக்கவில்லை. "அவர் மூணு சுழிதானே போட்டிருக்கார். ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்."

"அவருக்கு எந்தச் சுழி தெரியும்? நீங்க சும்மா இருங்க" என்றேன்.

அவர் சும்மா இருந்தார்.

அந்தப் பதினைந்தாம் தேதி விடிவதற்குள் போன் வந்தது. மேட்டுப் பண்ணையில் மாடுகளுக்குக் கோமாரி, வாயில் நுரை, குளம்பில் புண். இன்னும் நோய் வராத அறுபது மாடுகளுக்கும் உடனே தடுப்பூசி போட வேண்டும். மருந்து நிதானத்தின் கடைக் குளிர்பெட்டியில் இருந்தது. பட்டாளத்தானில் ஏற்றினால் குலுங்கிக் குலுங்கியே பாதிக் குப்பி உடைந்துவிடும், என் காரில் கொண்டுவருகிறேன், ஓடைக்கரையில் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். சரி என்றேன். அவர் ஐஸ் பெட்டியை ஏற்றும்போது பின் சீட்டில் பார்த்தேன். பயணப் பை இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை ஒன்று கொக்கியில் தொங்கியது. ஊசி மருந்தைக் கொடுத்துவிட்டு மலையிறங்கி, பிரியும் சாலையில் வலது பக்கம் திரும்பினால் தலைநகரம் நான்கு மணி நேரம். மாலைக்குள் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அமுக்கினேன்.

நான் முன்னால், அவர் பின்னால். மலை ஏற ஏறப் பனி இறங்கியது. விடிந்துவிட்டிருந்தும் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. பெரிய விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவரில் அடித்ததுபோல வெளிச்சம் கண்ணிலேயே திரும்பி விழுந்தது. பனி விளக்கு நினைவுக்கு வந்து, திருகை நான்காவது நிலைக்குத் தள்ளினேன். கண் கூசுவது உடனே நின்றது. மங்கலான ஒரு கீற்று மட்டும் தாழ்வாக, சக்கரத்துக்கு முன்னால் விழுந்தது. பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று பின்னால் வருகிறவரிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

பாதி வழியில் ஒரு வளைவில் பாறைத்துண்டு கிடந்தது. சட்டென்று பிரேக் அடித்து, ஒடித்து, தாண்டிப் போனேன். தார்ப்பாயின் பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளித்துப்போய் எதுவும் தெரியாது. காதிலும் எதுவும் விழவில்லை. நான் பார்க்கவும் முயலவில்லை என்பதே உண்மை. பயணப் பை என்னைத் துரத்திக்கொண்டு வந்தது.

ஓடைக்கரையில் நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்னால் யாரும் இல்லை. நிதானம்தானே, வருவார் என்று நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நடந்தேன். போனில் சிக்னல் இல்லை. ஹாரன் அடித்துக் கூப்பிடலாம் என்று அமுக்கினேன். சத்தமே வரவில்லை. மறுபடி அமுக்கினேன், குத்தினேன். ஊமை. அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. அந்தப் பாறை வளைவு ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பி, அதே மங்கல் கீற்றில், கண்மண் தெரியாமல் கீழே விரட்டினேன். ஏங்க, ஏங்க என்று வாய் தானாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பனிக்குள்ளிருந்து திடீரென்று ஓர் ஆள் முளைத்தார். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். பட்டாளத்தான் வழுக்கி, இழுத்து, நின்றது. அவர் மார்புக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு கை தூரம். அவர் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்துக்கு வந்திருந்தது.

"மருந்து உடையலை" என்றார்.

நான் இறங்கி அவரைப் பிடித்துக்கொண்டேன். என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். உன் பின் விளக்கு எதுவும் தெரியவில்லை, ஒரு குத்துமதிப்பாகத்தான் வந்துகொண்டிருந்தேன், அந்த வளைவில் நீ பிரேக் அடித்தது உன் வண்டி மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது, உன் மேல் மோதக் கூடாதென்று ஒடித்தேன், கால்வாயில் இறங்கிவிட்டது என்றார். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாராம்.

"காருக்குள்ளயே உட்கார்ந்திருக்கலாமே. நான் திரும்பி வரமாட்டேனா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஐஸ் உருகிடும். அதோட, நீ திரும்பிப் பாப்பேன்னு எனக்கு உறுதியாத் தெரியலை."

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. நான் உள்ளே கையை விட்டு, நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்தேன். மலையே அமைதியாகிவிட்டது. அந்த வண்டியை வாங்கிய பிறகு அவர் பக்கத்தில் இருக்கும்போது நான் அதை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"சொல்லுங்க. மூணு மாசமாச் சொல்ல வந்ததைச் சொல்லுங்க. நான் லெட்டரைப் பாத்துட்டேன்."

"தெரியும். நீலச் சட்டையில வெச்சேன், வெள்ளைச் சட்டையில இருந்துச்சு." பெட்டியைப் பானட்டின் மேல் வைத்தார். "நான் சொல்ல வரலை. கேக்க வந்தேன். அதான் கேள்விக்குறி போட்டிருந்தேன். நீ கூட வருவியா மாட்டியான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படி எழுதறது?"

கேள்விக்குறி என்றால் கேள்வி. வேறொன்றும் இல்லை. எழுதினதை விட்டுவிட்டு நான் நினைத்ததைப் படித்திருக்கிறேன்.

"அப்ப நீங்க என்னை விட்டுட்டுப் போறதா..."

"மொதல்ல இல்லை." பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம், வீட்ல தனியாச் சாப்பிடறதுக்கு அங்க போய்த் தனியாச் சாப்பிடலாம்னு தோணிடுச்சு."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. இந்த மலையை விட்டு என்னால் வர முடியாது, ஆனால் நீங்கள் போய்விட்டால் நான் தாங்க மாட்டேன், போகாதீங்க என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி வெட்கத்தை விட்டு அவரிடம் எதையும் கேட்டதில்லை.

"யோசிக்கிறேன்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார்.

ஓடையைத் தாண்டும்போது முன் பெட்டியைத் திறந்து அந்த நான்கு பக்கப் பட்டியலை எடுத்துப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டினார். எதிரி பார்க்காமல் வண்டிகள் வரிசையாகப் போகும் பணியின்போது போடுவது பணி விளக்கு. இதைப் போட்டால் மற்ற விளக்குகளும் பிரேக் விளக்கும் ஹாரனும் வேலை செய்யா. பின் அச்சின் வெள்ளை வட்டத்தின் மேல் மட்டும் ஒரு சிறு வெளிச்சம் விழும். பின்னால் வரும் ஓட்டுநர் அந்த வட்டத்தைப் பார்த்துத் தொடர வேண்டும்.

ஸ்பானர் அண்ணன் தன் ஆயுசில் சரியாக எழுதிய ஒரே வார்த்தை அது. பட்டியலைப் பார்த்துச் சுழி சுழியாக எழுதியிருக்கிறார். அதை நான் திருத்தியிருக்கிறேன். நிதானம் என்னைக் குத்திக் காட்டவில்லை. காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். அதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பதினொன்றரை மணி வரை ஊசி போட்டோம். அவர் மருந்தை ஏற்றிக் கொடுக்க, நான் போட, பண்ணைக்காரர் ஊசி போட்ட மாட்டின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார். நிதானம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது, நூறு தடவை. கேட்கவில்லை. கடைசி மாடு முடிந்ததும், மிச்சமிருந்த வெள்ளைப் பெயின்ட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய், அந்த இரும்பு உருண்டையில் மறுபடி வட்டம் போட்டேன். வட்டம் கோணலாக வந்தது. வெளியே வந்து, பேனாவால் ஒட்டுத்தாளில் மூன்றாவது சுழியையும் போட்டேன்.

பனி விலகியிருந்தது. பட்டாளத்தானின் கொக்கியில் கயிற்றைக் கட்டி அவர் காரைக் கால்வாயிலிருந்து இழுத்தோம். ஒரு முன் விளக்கு நொறுங்கியிருந்தது, பம்பர் தொங்கியது. ஆனாலும் கார் உடனே கிளம்பிவிட்டது. பயணப் பை அப்படியே இருந்தது. இஸ்திரிச் சட்டை மட்டும் கசங்கியிருந்தது.

"நீங்க முன்னாடி போங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு ஏறினார்.

அந்த மலையை இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவது என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டாளத்தான் உறும, என் கால் துடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் பிரேக் விளக்கு எரிந்தது. வளைவைத் தாண்டிய பிறகும் எரிந்தது. அதற்கு என்ன அவசியம் என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நாலாவது வளைவில் அவர் தலை கண்ணாடிப் பக்கம் உயர்வதைப் பார்த்தேன். நான் வருகிறேனா என்று பார்க்கிறார். இருபத்திரண்டு வருஷமும் முன்னால் போனது நான், ஒரு தடவையாவது நான் அப்படிப் பார்த்திருக்கிறேனா?

அடிவாரத்தில் சாலை பிரிகிறது. வலது பக்கம் தலைநகரம், இடது பக்கம் வீடு. இருநூறு அடி முன்னாலேயே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இருநூறு அடி வந்தது. சிக்னல் இல்லை. நூறு அடி. இல்லை. ஐம்பது அடியிலும் இல்லை. பிரியும் இடத்திலேயே காரை நிறுத்திவிட்டார். பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அவர் தலை அசையவில்லை.

நானும் நின்றேன். குமிழை இழுத்து எஞ்சினை நிறுத்தினேன். ஹாரன் பக்கம் என் கை போகவில்லை. இறங்கி ஓடிப்போய் அவர் கதவைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது.

இடது பக்கச் சிக்னல் எரிந்தது.

எனக்குக் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். அவர் கார் மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பியது. நானும் இடது பக்கச் சிக்னலைப் போட்டேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.